காவல்காரன் நம்பவில்லை

வெள்ளாங்கரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டருக்குள் ஒரு காவல்காரன் உட்கார்ந்துகொண்டு, ஊரில் யார் எந்தப் பொய் சொன்னாலும் கண்டுபிடித்தான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள்தான் வாயைப் பிளப்பார்கள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால், ஆமாம், மீசை வைத்தவன், பச்சைச் சட்டை போட்டவன், கொஞ்சம் முசுடு என்று, மேலத்தெருவில் குடியிருந்துவிட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரித்தான் சொல்வார்கள். அவன் பொய்யைக் கண்டுபிடித்தது அவர்களுக்கு அதிசயமாக இல்லை. அதை உலகம்மாளுக்கு முன்னால் வைத்துக் கண்டுபிடித்ததுதான் சங்கடமாகப் போயிற்று.

உலகம்மாள் சந்தேகக்காரி. பால்காரர் ஊற்றின பாலை மோந்து பார்த்துவிட்டுத்தான் செம்பை உள்ளே கொண்டுபோவாள், பூட்டின பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள், கோயிலில் பூசாரி கொடுக்கிற திருநீற்றைக்கூட விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நெற்றிக்குக் கொண்டுபோவாள். இது அவளுக்குப் பிறவிக்குணம் இல்லை, அவள் மகள் செண்பகவல்லி பத்தொன்பது வயதில் ஆற்றோடு போன பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் பெண்டாட்டியின் பிரசவத்துக்கென்று போயிருந்த உலகம்மாளுக்குச் செய்தி கிடைத்து அவள் வந்து சேர்வதற்குள், வெள்ளம் வடிந்து, படித்துறையில் கிடந்த செருப்பை எடுத்து வைத்து, உடம்பு கிடைக்காததால் வைக்கோலில் உருவம் செய்து அதற்குக் கொள்ளியும் வைத்து, அவள் புருஷன் ரைஸ்மில் ஆவுடையப்பன் மொட்டைத் தலையோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். துணி துவைக்கப் படித்துறைக்குப் போனவளை வெள்ளம் இழுத்துக்கொண்டு போயிற்று என்று, துக்கம் கேட்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். வெள்ளாங்கரையில் ஒரு பஸ் பஞ்சரானாலே அதற்கு ஊர் முழுக்க வேறு வேறு கதை உண்டு, ஆணி என்பான் ஒருத்தன், கண்ணாடிச்சில் என்பான் இன்னொருத்தன், இது மட்டும் எப்படி எல்லார் வாயிலும் ஒரே அச்சில் வார்த்தது போல வருகிறது என்று அந்தத் துக்கத்துக்குள்ளும் அவளுக்கு ஒரு நெருடல் ஏற்பட்டது. அதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கேட்டால் புத்தி பிசகிவிட்டது என்பார்களே என்று பயந்து, அவள் பாலையும் பூட்டையும் சந்தேகப்பட ஆரம்பித்தாள்.

இப்படி இருக்கையில்தான் ஜெராக்ஸ் கடை மைதீன் கடைக்குப் புது ஷட்டர் போடுவதற்காகப் பழைய அலமாரியை நகர்த்தினான். அந்த இடத்தில் முன்பு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஊரில் முதன்முதலாக வந்த சென்டர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும், மைதீனும் செண்பகவல்லியும் அங்கே ஒன்றாகப் படித்தவர்கள். அலமாரிக்குப் பின்னால் ஒட்டடையோடு ஒட்டடையாக ஒரு ஃப்ளாப்பி கிடந்தது, மேலே மையில் அவள் பெயர். மைதீன் அதை ஊதித் துடைத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, குப்பையில் போடத்தான் போனான், போடவில்லை.

அதில் இருந்தது செண்பகவல்லியே உட்கார்ந்து எழுதின ஒரு விளையாட்டு. 'விளக்கு வைக்கிறதுக்குள்ளே' என்று அதற்குப் பெயர். தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்ளாத அந்தக் காலத்து மெஷினில் ஒவ்வொரு எழுத்தையும் அவளே புள்ளி புள்ளியாக வரைந்திருந்தாள். ரெட்டைச்சடை போட்ட ஒரு பெண் வெள்ளாங்கரைத் தெருக்கள் வழியாக நாய்க்கும் மாட்டுக்கும், எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்கிற பெண்டுகளுக்கும் தப்பித்து, பொழுது அடைவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும், வீட்டு வாசலில் ஒரு காவல்காரன் நிற்பான், அவன் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் கதவு திறக்கும். முதல் திரையிலேயே 'கடைசி வரை வந்தால் என் குரல் கேட்கும்' என்று எழுதி வைத்திருந்தாள்.

இந்தப் பழைய விளையாட்டு புது மெஷினில் ஓடாது. அதற்கென்று எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, பழைய மெஷின் மாதிரி வேஷம் கட்டுகிற சாஃப்ட்வேர், அது ஒன்றல்ல, இணையத்தில் தேடினால் கூடை கூடையாகக் கிடைக்கிறது, அதில் எது நல்லது எது சொத்தை என்று சண்டை போடுகிறவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். மைதீன் கைக்குக் கிடைத்த ஒன்றை இறக்கினான். ரெட்டைச்சடைப் பெண் புயல் மாதிரி ஓடிப்போய் வீட்டு வாசலில் நின்றாள். காவல்காரன் முழியை உருட்டி, யாரு என்று எழுத்தில் கேட்டான். செண்பகவல்லி என்று தட்டினான் மைதீன். 'பொய்' என்றான் காவல்காரன்.

சரி, இது அவள் எழுதி வைத்தபடிதான் கேட்கிறது என்று மைதீன் நினைத்துக்கொண்டிருக்கையில், ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க வந்து பக்கத்தில் நின்ற டீக்கடை வேலாயுதம், வீட்டில் உடம்பு சரியில்லை, சீக்கிரம் கொடுப்பா என்று சொன்னார். திரையில் 'பொய்' என்று வந்தது. யாரும் எதையும் தட்டவில்லை. வேலாயுதம் திரையைப் பார்த்தார், மைதீனைப் பார்த்தார், ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டு போனார். மைதீன் இணைய வயரைப் பிடுங்கினான், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான், யாரோ எங்கிருந்தோ தனக்குக் காது குத்துகிறார்கள் என்று மெஷினைக் கழற்றிக்கூடப் பார்த்தான். தூசிதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் அந்தக் காவல்காரனோடு எப்படிப் புழங்குவது என்று தானாகவே கற்றுக்கொண்டது. மாடு விற்கிறவன் அந்தக் கடைப்பக்கம் வராமல் பார்த்துக்கொண்டான், மாடு வாங்குகிறவன் எப்படியாவது விற்கிறவனை அங்கே கூட்டிக்கொண்டு வரப் பார்த்தான். வருமானச் சான்றிதழுக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிப் போனார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டாரை, வாங்களேன், ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயிருவோம் என்று வலிய அழைத்தார்கள். வார்டு கவுன்சிலர் எதிர் வரிசையில் வெயிலோடு நடந்து போனார். கடைக்குள் நுழைகிறவர்கள் ஊமைகளாக நுழைந்து, விரலைக் காட்டி எத்தனை காப்பி என்று சொல்லிவிட்டு ஊமைகளாகவே வெளியே போனார்கள். ஆளாளுக்கு அடுத்தவன் என்ன பொய் வைத்திருக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர, அந்தக் காவல்காரன் யாருடைய வீட்டு வாசலில் நிற்கிறான் என்பதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் திறக்காமல் இருந்ததாலேயே அது உலகம்மாளின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் வந்தாள். வந்ததும் மேசைக்கு அடியில் பார்த்தாள், மெஷினுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினாள், மைதீனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, திரையில் மகள் வரைந்த எழுத்தைப் பார்த்தாள், அதில் அவள் வழக்கமாக நெளித்துப் போடுகிற வால் அப்படியே இருந்தது. அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, கண்ணில் நீர் வந்தது. இந்த எமுலேட்டர் என்பது என்ன என்று கேட்டாள்.

"பழைய மெஷினு செத்துப் போச்சு பெரியம்மா. அது இன்னும் உசுரோட இருக்க மாதிரி இது நடிக்கும். அத நம்பி விளையாட்டு ஓடும்."

"அப்பம் செத்தது தெரியாம ஏமாத்துத வேல."

"அப்படியும் சொல்லலாம்."

"எனக்கு அவ குரலக் கேக்கணும் மைதீனு. அதுக்கு எத்தன ஏமாத்து வேணும்னாலும் பண்ணு."

மைதீன் பண்ணினான். முதல் எமுலேட்டரில் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் அவன் முழித்ததில், அன்றைக்கு எப்படியோ வீடு போய்ச் சேர்ந்த ரெட்டைச்சடைப் பெண் இந்தத் தடவை ரெண்டு தெரு தாண்டுவதற்குள் வானம் கறுத்து விளக்கு வைத்துவிட்டது. இரண்டாவது எமுலேட்டர் வேகத்தைச் சரியாகப் பிடித்தது, ஆனால் எழுத்தைப் போட்டு நசுக்கியது, சத்தத்தைக் கீச்சுக் கீச்சென்று ஆக்கியது. இதில் கடைசியில் குரல் வந்தாலும் எம்மக குரலாவா இருக்கும் என்று உலகம்மாள் அதைத் தூக்கச் சொல்லிவிட்டாள். மூன்றாவது எமுலேட்டர் மகா நடிகனாக இருந்தது. பழைய மெஷின் தொடங்குகிறபோது மெமரியை எண்ணுமே, அதை எண்ணியது, ஃப்ளாப்பி சுற்றுகிற முனகலை முனகியது, அந்தக் காலத்து மெஷின் எவ்வளவு நேரம் காக்கவைக்குமோ அவ்வளவு நேரம் காக்கவைத்தது. காவல்காரன் இதில் கொஞ்சம் சாந்தமாக நின்றான். யாரு என்று கேட்டதற்கு, செண்பகவல்லியின் அம்மா என்று தட்டச் சொன்னாள் உலகம்மாள். அவன் பொய் என்று சொல்லவில்லை. 'அவள் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாளை இன்னும் வரவில்லை' என்று மட்டும் சொன்னான்.

இதில் என்ன கஷ்டம் என்று மைதீன் எமுலேட்டரின் தேதியை, ஃப்ளாப்பியில் அவள் கடைசியாகப் பதிந்த நாளுக்கு அடுத்த நாளாக மாற்றி வைத்தான். அது அவள் ஆற்றோடு போன நாள். காவல்காரன் உள்ளே சுற்றிமுற்றிப் பார்த்தான், தலையை ஆட்டினான், பிறகு கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தான், பார்த்தது உலகம்மாளுக்கு நன்றாகத் தெரிந்தது. 'மெஷின் சரி. வெளியே சரியில்லை' என்றான். வெளியே ஆள் ஆளுக்குக் கையில் செல்போனோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆக, எமுலேட்டர் மெஷினுக்குள் கட்டுகிற வேஷத்தை ஊர் வெளியே கட்ட வேண்டியதாயிற்று. வியாபாரிகள் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். ஆவுடையப்பன் அங்கே வந்து, மெஷின் சொல்லுதுன்னு ஊரே கூத்தாடுவீயளா என்று சத்தம் போட்டார், ஆனால் வயதான தாய் ஒருத்தி மகள் குரலைக் கேட்க ஆசைப்படுகிறாள், அதற்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, சொன்னால் ஏன் என்று கேட்பார்களே என்று ஒவ்வொருத்தரும் அவரவர் மனதில் கணக்குப் போட்டு, சரி என்றார்கள். ஆவுடையப்பனும் கடைசியில் சரி என்றார்.

செல்போன்களையெல்லாம் வாங்கி அரிசி டிரம்மில் போட்டு மூடினார்கள், மாடியில் இருந்த டிஷ்களுக்குச் சாக்கைப் போர்த்தினார்கள், மறந்துபோன எஸ்.டி.டி. பூத்துக்கு மஞ்சள் பலகை மாட்டினார்கள். ஓய்வுபெற்று வீட்டில் கிடந்த டைம் கீப்பர் சாமுவேலைக் கூட்டிவந்து, பஸ் ஸ்டாண்டு கூண்டில் உட்காரவைத்து மைக்கைக் கையில் கொடுத்தார்கள். லேத் பட்டறையில் துருப்பிடித்துக் கிடந்த பஸ்ஸுக்குப் பழைய பெயிண்டை அடித்து, பாலம் வரை போய்த் திரும்பி வருகிற அளவுக்கு ஓடவைத்தார்கள். இடையில் பகையாகிப்போன பங்காளிகள் அன்றைக்கு ஒற்றுமையாக இருந்தார்கள் என்பதால் மறுபடி தோளில் கைபோட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் புருஷன் உயிரோடு இருந்த பெண்கள் நெற்றியில் பொட்டும் தலையில் பூவும் வைத்துக்கொண்டார்கள், ஒருநாளைக்குத்தானே என்று சொல்லிக்கொண்டு வைத்தவர்கள் கண்ணாடி முன்னாலிருந்து சீக்கிரம் நகரவில்லை. செண்பகவல்லியாக நடிக்க டெய்லர் கடையில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு ரெட்டைச்சடை போட்டுவிட்டார்கள்.

உலகம்மாள் அன்று ஊரில் இல்லாதவள், அதனால் அவளுக்கு நடிக்க ஒன்றும் கிடையாது. ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து திரையை ஒரு கண்ணாலும் தெருவை ஒரு கண்ணாலும் பார்த்தாள்.

காலையில் சாமுவேல் மைக்கில் இருமினார். பஸ்களின் பெயரைச் சொன்னார். வேலாயுதம் டீ ஆற்றினார். திரையில் காவல்காரன் 'சரி, சரி' என்று தலையாட்டிக்கொண்டே வந்தான். தெருவில் டெய்லர் கடைப் பெண் கையில் துணி வாளியோடு வீட்டிலிருந்து வந்து, படித்துறைச் சந்துக்குத் திரும்பினாள். 'இல்லை' என்றான் காவல்காரன். திரை அணைந்துபோயிற்று. தெருவில் விஷயம் தெரியாமல் ஆட்கள் படித்துறையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள், முங்கிப் பார்க்கிறவர்கள் முங்கினார்கள், ஆவுடையப்பன் மாரில் அடித்துக்கொண்டு ஓடினார், அவர் அதை நன்றாகவே செய்தார்.

எமுலேட்டர் சரியில்லை என்று ஊர் தீர்மானித்தது. மகா நடிகன் என்று பெயர் வாங்கினதைத் தூக்கிவிட்டு, மைதீன் மறுபடியும் முதலாவதைப் போட்டு வேகத்தை அளந்து அளந்து குறைத்தான். மறுநாள் மறுபடி நடித்தார்கள். பெண் படித்துறைச் சந்துக்குத் திரும்பினதும் 'இல்லை' என்று வந்தது. வாளியின் நிறம் தப்பு என்றார் ஒருவர். பஸ் பெயிண்ட் வெளிறிவிட்டது என்றார் இன்னொருவர். இரண்டாவது எமுலேட்டரைப் போட்டுப் பார், நசுங்கினால் நசுங்கட்டும் என்றார் வேலாயுதம். பொய்யை வெகுகாலம் ஒன்றாகக் கூடிக் காப்பாற்றினவர்களுக்கு அது பொய் என்பதே கொஞ்சம் மறந்துபோயிருந்தது. மறக்காதவர்களோ, அடுத்தவன் முதலில் சொல்லட்டும் என்று இருந்தார்கள்.

உலகம்மாளுக்கு எமுலேட்டர் மேல் சந்தேகம் வரவில்லை. இத்தனைக்கும் அவள் திருநீற்றையே சந்தேகப்படுகிறவள். எந்த எமுலேட்டரைப் போட்டாலும் காவல்காரன் ஒரே இடத்தில்தான் கழுத்தைப் பிடிக்கிறான், காலை முழுக்கச் சரி, டீக்கடை சரி, பஸ் ஸ்டாண்டு சரி, ஆற்றுப் பக்கம் காலை வைத்தால் மட்டும் இல்லை என்கிறான் என்று அவள் பார்த்துவிட்டாள். அந்தக் காலத்து நெருடல் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கவில்லை, அது அவள் நெஞ்சுக்குள் அதே இடத்தில் இருந்தது. எழுந்து கடைக்கு வெளியே வந்தாள். ஈரத்துணியோடு நின்றவர்களையும் பூ வைத்து நின்றவர்களையும் ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். அவர்கள் எமுலேட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள்.

"செத்தத உசுரோட இருக்குன்னு ஏமாத்த மெஷினு வேணும்" என்றாள் உலகம்மாள். "உசுரோட இருக்கத செத்துட்டுன்னு ஏமாத்த ஒரு ஊரு போதும், இல்லையா?"

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். அவள் கத்தவில்லை, அழவில்லை, நாளைக்கு ஒருதடவை நடியுங்கள், எனக்குச் சொன்னதை நடிக்க வேண்டாம், நடந்ததை நடியுங்கள், ஒருத்தரும் வாய் திறந்து எங்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று பூட்டை அவள் இழுத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று ஊரில் ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சாமுவேல் வந்து கூண்டில் உட்கார்ந்தார். அவர் வந்ததைப் பார்த்து வேலாயுதம் அடுப்பைப் பற்றவைத்தார். அதைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். வாயால் சொல்லச் சொல்லியிருந்தால் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள்.

மைதீன் மூன்றாவது எமுலேட்டரையே போட்டான். மெமரி எண்ணி முடித்தது, ஃப்ளாப்பி முனகியது, காவல்காரன் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தான். தெருவில் டெய்லர் கடைப் பெண் ரெட்டைச்சடையோடு வீட்டிலிருந்து வந்தாள். கையில் வாளி இல்லை, பை இருந்தது. படித்துறைச் சந்தை அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள், காவல்காரன் 'சரி' என்றான். டைம் கீப்பர் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான், அப்போது ஊரில் ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஒருநாள் காணாமல் போனவனுடைய இடத்தில் நிற்கிறான் என்று உலகம்மாளுக்குப் புரிந்தது. அவன் என்ன சாதி என்று அன்றைக்கு எல்லோரும் அறிவார்கள். வேலாயுதம் இரண்டு டீயை ஒன்றும் கேட்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். 'சரி'. கடைக்குள் இருந்த மைதீன் எழுந்து, தன்னுடைய அன்றைய இடத்துக்குப் போனான், போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்று, நாளைக்கு சென்டரில் கேட்டால் என்ன சொல்ல என்று கேட்டான். அவன் உலகம்மாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. 'சரி' என்றது திரை.

பிறகு ஆவுடையப்பன் சைக்கிளில் வந்தார். பழைய சைக்கிளை எங்கிருந்தோ எடுத்துவந்திருந்தார், காலை ஊன்றி இறங்கவே சிரமப்பட்டார். அன்றைக்கும் எல்லோரும் வெட்டு விழும் என்றுதான் எதிர்பார்த்தார்களாம், அவர் அந்தப் பையனை ஏறிட்டும் பார்க்கவில்லை. மகளுக்கு முன்னால் நின்றார். பையை அவள் கையிலிருந்து வாங்கினார். சாமுவேல் மைக்கில் கம்பம் பஸ் என்று ஒருதடவை சொல்லி, இருமிவிட்டு, மறுபடி சொன்னார். ஆவுடையப்பன் தானே பஸ்ஸில் ஏறிப் பையை மேல்தட்டில் வைத்து, இறங்கி, படியில் கையைப் பிடித்து அவளை ஏற்றிவிட்டார். பஸ் நகர்ந்து பாலத்துப் பக்கம் போனதும், சுற்றி நின்றவர்களைப் பார்த்து, எம்மக ஆத்தோட போயிட்டா, இதுதான் நடந்தது என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அன்றைக்கு ஆட்டின மாதிரியே ஆட்டினார்கள், வயதானவர்கள் நடுங்கி ஆட்டினார்கள், செத்துப்போனவர்களுக்குப் பதிலாக அவர்கள் பிள்ளைகள் ஆட்டினார்கள்.

இடுப்பில் செருகியிருந்த மகளின் செருப்பு ஜோடியை எடுத்துக்கொண்டு ஆவுடையப்பன் படித்துறைக்குப் போனார். அவர் பின்னால் ஒருத்தரும் போகவில்லை, முங்கிப் பார்த்தேன் என்று சொன்னவர்கள் எல்லாம் சலூனில் உட்கார்ந்திருந்தார்கள். உலகம்மாள் மட்டும் சந்து முனை வரை போய் நின்று பார்த்தாள். அவர் செருப்பைப் படியில் வைத்தார், வேட்டியோடு தண்ணீரில் இறங்கினார், மூன்று தரம் முங்கி எழுந்தார். பெற்ற பிள்ளையே வேண்டாம் என்கிறவர்கள் அந்தப் பக்கத்தில் செய்கிற முங்கல் அது, அதைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும்.

மைதீன் கடையிலிருந்து ஓடிவந்தான். கதவு திறந்துவிட்டது பெரியம்மா, காவல்காரனைக் காணோம், எண்டரைத் தட்டினால் போதும், குரல் கேட்கும் என்றான். அவன் கண் சிவந்திருந்தது. உலகம்மாள் அவனைப் பார்த்தாள்.

"நீ தட்டாத. ஆரும் தட்டக் கூடாது" என்றாள். "நான் நேர்ல கேட்டுக்கிடுதேன்."

பாலம் வரை போய்த் திரும்பி வந்த பஸ், ஸ்டாண்டில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. ரெட்டைச்சடைப் பெண் இறங்கி ஓரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். உலகம்மாள் படியைப் பிடித்து ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தாள். பெரியம்மா, இது பாலம் வரைக்குந்தான் என்று டிரைவர் தயங்கினான்.

"பாலத்துக்கு அங்கிட்டும் ரோடு இருக்குல்லா" என்றாள்.

ஆவுடையப்பன் சொட்டச் சொட்ட வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்து கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. ஊர் முழுக்கச் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும், தலையைத் துவட்ட வேண்டும் போலவும் ஒரே நேரத்தில் இருந்தது, இரண்டையும் செய்யாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பின்னாலயே போயிருப்ப."

"போயிருப்பேன்" என்றாள் உலகம்மாள். "இப்பம் எங்க இருக்கா?"

அவருக்குத் தெரிந்திருக்காது என்றுதான் சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். உலகம்மாள் மட்டும் அப்படி நினைக்கவில்லை.

"கம்பத்துலதான். மாவு மில்லுக்கு அடுத்த சந்து. நீலக் கதவு."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வழி தவறிப் போய்விடுவாளோ என்று நினைத்தாரோ என்னவோ, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முன்னால பச்சையா இருந்துச்சு, போன வருசந்தான் மாத்தி அடிச்சிருக்கா" என்றார்.

உலகம்மாள் கம்பியிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிறகு டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள்.